மஞ்சள் தடவிய ஜெபக் கடிதம்

காலை ஆறு ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாள். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள். தாளுக்குக் கீழே, விளக்கு வைக்கும் சிறிய பலகையில் மாத்திரை அட்டைகள் அடுக்கியிருந்தன. எண்ணினேன். ஏழு அட்டை. ஒன்றிலும் ஒரு மாத்திரைகூட எடுக்கப்படவில்லை.

அந்தத் தாளை எழுதியவன் நான். மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்தவனும் நான்.

ஆடி மாதம். சாரல் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. அது செம்மநத்தம் போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் ஆறு குடும்பம். வீட்டுக்காரர் குழாயடிக்குப் போயிருந்தார். அவர் மனைவி அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு அடுப்புக்குத் திரும்பிக்கொண்டார்.

ஒன்பது வருடம் நான் சேலத்தில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். மற்றவர்கள் எழுதி அனுப்பும் செய்தியைக் குறைப்பதும், உறுதியாகாத வாக்கியத்தை அடிப்பதும் என் வேலை. பிறகு ஒரு மிஷனில் ஊழியனாகச் சேர்ந்தேன். சேர்வராயன் மலைக்கு அனுப்பினார்கள். தனி ஆள். பதினோரு ஊருக்கு நடந்து போய்வர வேண்டும். மலையில் ஆறு வருடம் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள். அதில் இரண்டு பேர், குளிருக்காக மலையில் வீடு எடுத்துத் தங்கியிருந்த வெளியூர்த் தம்பதி. மற்ற மூன்று பேரும் நான் வருவதற்கு முன்பே கிறிஸ்தவர்கள்.

மாதக் கடைசியில் அலுவலகத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். சந்தித்த ஊர்கள், சந்தித்த குடும்பங்கள், ஜெபித்த வீடுகள், புதிதாக வந்தவர்கள் என்று நான்கு கட்டம். முதல் மூன்றையும் நிரப்பக் கால் போதும். நாலாவது கட்டத்தில் ஆறு வருடமாகப் பூஜ்யம் எழுதிவந்தேன்.

எஸ்டேட் ரைட்டர் காலையில் ஆட்களின் பெயர் கூப்பிடும் இடத்தைத் தாண்டித்தான் லைனுக்குப் போக வேண்டும். அவர் நல்ல மனிதர். வாய் மட்டும் சும்மா இருக்காது.

“என்னங்க அல்லேலூயா, இன்னிக்கு எத்தன தலை?”

“இன்னிக்கும் இல்லீங்க.”

“விடுங்க. எனக்கும் இன்னிக்கு நாலு ஆள் கம்மி. ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் ஓனருகிட்டத் திட்டு வாங்கலாம்.”

அந்த வீட்டுக்காரர் எனக்கு அறிமுகமானது மாசி மாதம். வயது முப்பத்தாறு. காப்பிச் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்பவர். ஆறு வாரமாக இருமிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாளும் விடக் கூடாது. விழுங்குவதைத் தினமும் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த லைன் தூரம் என்பதால், போய்வரும் ஆளான என்னையே அதற்குப் போட்டார்கள்.

இரண்டு மாதம் ஒரு நாள் தவறாமல் போனேன். ஆறு ஐம்பதுக்கு அவர் மூன்று மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். பிறகு வாயைத் திறந்து காட்டுவார்.

“நல்லாப் பாருங்க சார். அடிவாரம் வரைக்கும் தெரியும்.”

பார்த்த பிறகு நான் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபிப்பேன். அவர் ஆமென் என்று சத்தமாகச் சொல்வார். அந்த நேரத்தில் அவர் மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். குடத்தில் தண்ணீர் இருந்தாலும் போவார்.

இரண்டு மாதம் முடிந்தபோது சளியில் கிருமி இல்லை. எடை நாலு கிலோ கூடியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலேயே, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். சுவரை ஒட்டி உட்கார்ந்தார். அந்த மாதப் படிவத்தில் நாலாவது கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெபக் கடிதம் என்பது மிஷனுக்காக ஜெபிக்கிறவர்களுக்கு மாதாமாதம் அச்சிட்டு அனுப்பும் நாலு பக்கம். பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்பதால் அதைத் தொகுப்பதும் என்னிடமே இருந்தது. அந்த மாதம் முதல் பக்கத்தில் அவருடைய படத்தைப் போட்டு எழுதினேன். கடைசி வரி: ‘இன்று அவர் முழுச் சுகம் பெற்றிருக்கிறார்.’ இன்னும் நாலு மாத மாத்திரை பாக்கி என்பதை எழுதவில்லை. வேறு யாராவது அந்த வரியை எழுதி அனுப்பியிருந்தால், உறுதியாகவில்லை என்று ஓரத்தில் குறித்து அடித்திருப்பேன்.

பத்துப் பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியும். ஆனாலும் என்னைப் படிக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். முழுச் சுகம் என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

அதற்குப் பிறகு காலையில் போவதை நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வருகிற ஆளைப் போய்க் கண்காணிப்பது அவமதிப்பு என்று எனக்குத் தோன்றியது. மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்தேன். மிச்சமான காலை நேரத்தில் இன்னும் இரண்டு ஊருக்குப் போனேன். படிவத்தில் முதல் கட்டம் பதினொன்றிலிருந்து பதின்மூன்று ஆனது. அவர் வாராவாரம் வந்தார். வைகாசி முடிந்து ஆனியும் முடிந்தது. ஆடியில் ஒரு ஞாயிறு வரவில்லை. அதைக் கேட்கத்தான் அன்று காலை போனேன்.

அவர் ஈரத் துண்டோடு உள்ளே வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. மாத்திரை ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டேன். நான் கேட்டது அவருக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது.

“ஏனுங்க சார், நீங்கதானுங்களே எழுதுனீங்க? முழுச் சொகம்னு. அச்சுலயே வந்துருச்சு. அதுக்கப்பறமும் மாத்திர போட்டா, சாமிய நம்பாத மாதிரி ஆயிராதுங்களா?”

“அப்ப ஏன் வாங்கிக்கிட்டீங்க?”

“குடுக்கறத வேண்டாங்க முடியுமுங்களா? நீங்க வருத்தப்படுவீங்க. தூக்கிப் போடலீங்க. சாமி பக்கத்துலதான் வெச்சிருக்கறன்.”

மனைவி அடுப்பைப் பார்த்தபடியே பேசினார். “நான் அப்பவே சொன்னனுங்க. தாளு சொன்னாப் போதுமா, நெஞ்சு சொல்லோணுமல்லன்னு. கேட்டாத்தான? நொம்பப் படிச்சவரு எழுதிருக்கறாருன்னு எம்மேல பாஞ்சாரு.”

அன்று அவர் என்முன் மூன்று மாத்திரை போட்டார். வாயைத் திறந்து காட்டினார். வழக்கமான அந்தப் பேச்சு வரவில்லை. நான் கண்ணை மூடினேன். ஜெபிக்காமலே திறந்தேன்.

பிறகு நடந்தது, நடுவில் மாத்திரையை விட்டவர்களுக்கு வழக்கமாக நடப்பதுதான். பழைய மாத்திரைக்கு நோய் கட்டுப்படவில்லை. வேறு மாத்திரை தொடங்கினார்கள். அது வாந்தி வரவழைத்தது. புரட்டாசியில் இருமலில் இரத்தம் வந்தது. ஐப்பசிக் கடைசியில் சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்து நாள் நான் வார்டு வாசலில் இருந்தேன். நாலாம் நாள் என் கையைப் பிடித்து, “என்னப் பத்தி எழுதுனது பொய்யாப் போச்சுங்களா சார்?” என்று கேட்டார். அவர் கவலை, என் எழுத்தைப் பற்றியது. தன் விசுவாசம் போதாததால் நான் எழுதியது பொய்யாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். தவறு என்னுடையது என்று சொன்னேன். நம்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

கார்த்திகை முதல் வாரம் மலையில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கியிருந்தது. அவர் உடலை ஏற்றிய வேன் ஒவ்வொரு வளைவாக ஏறிப் பத்தரை மணிக்கு லைனுக்கு வந்தது. பறிப்பை விட்டுப் பாதிப்பேர் வந்திருந்தார்கள். அவருடைய பெரியப்பா மகன் என்னிடம் வந்தார்.

“சொல்லுங்க. இது உங்க ஆளா, எங்க ஆளா?”

“உங்க ஆளுங்க” என்றேன்.

“அத மொதல்லயே சொல்லியிருக்கோணும்.”

கூட்டத்தின் கடைசியில் நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை. ரைட்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

பதினாறாம் நாள் போனபோது சுவரில் அவர் படம் மாலையோடு தொங்கியது. ஜெபக் கடிதத்தின் படம்தான். அந்த வீட்டில் அவருக்கு வேறு படம் இல்லை. மனைவி எழுத்தையெல்லாம் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் போட்டிருந்தார். வெட்டும்போது இடது தோள் கொஞ்சம் போய்விட்டது.

அந்த வாரமே அலுவலகத்துக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். நாலு வரி. இந்தக் கடிதத்தில் சுகம் பெற்றதாக எழுதப்பட்டவர் இறந்துவிட்டார், சுகம் என்று எழுதியபோது சிகிச்சை முடிந்திருக்கவில்லை, எழுதியவர் அதை அறிந்திருந்தார். நான் தொகுப்பதைப் பார்த்து அச்சுக்கு அனுப்பும் அலுவலகப் பெரியவர் போனில் அழைத்தார்.

“தம்பி, படிக்கிறவங்க சோர்ந்துபோவாங்க. வேற யாருக்காவது சுகம் கிடைச்ச சாட்சி இருந்தா அனுப்பு.”

“இது திருத்தம், ஐயா. சாட்சி இல்ல.”

“நம்ம என்ன பத்திரிகையா நடத்துறோம்?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

மார்கழியில் மனைவிக்கும் சளியில் கிருமி இருக்கிறதா என்று சோதனை செய்தார்கள். இருந்தது. மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகை என்று வந்த முடிவு ஒன்றுதான் அந்த மாதத்தில் கிடைத்த நல்ல செய்தி. எடை முப்பத்தொன்பது கிலோ. ஆறு வயது மகளுக்கு நோய் இல்லை. அவளை அந்த அம்மா அன்றே அடிவாரத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கொஞ்ச நாளில் தொற்றாது, பிள்ளையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“பாதியில சொகம்னு சொல்லி ஒருத்தரு போயிட்டாரு. கடசி மாத்திர போட்டு, கடசிச் சோதன பண்ணி, ஒண்ணுமில்லைன்னா கூட்டியாறன். அது வரைக்கும் எம்புள்ள எம்மூஞ்சியப் பாக்க வேண்டாம்.”

விழுங்குவதைப் பார்க்க வேறு ஆள் போடச் சொல்லி அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. என்னை வாசலில் நிறுத்திவைத்து மூன்று விஷயம் சொன்னார்.

“என் ஊட்டுக்குள்ள ஜெபம் வேண்டாமுங்க. போட்டோ எடுக்கக் கூடாதுங்க. எந்தத் தாள்லயும் எம்பேரு வரக் கூடாதுங்க. இதுக்கு ஒத்துக்கிட்டா வாங்க.”

“அப்ப நான்தான் வரணும்னு ஏனுங்க?”

“நீங்கதான வராம உட்டீங்க? நீங்கதான் வரோணும்.”

இதையெல்லாம் எழுதலாமா என்று, வெகுநாள் கழித்து, போன வருடம் அவரிடம் போனில் கேட்டேன். பெயர் போடாவிட்டால் எழுதிக்கொள்ளச் சொன்னார். “ஆனா செத்தவரச் செத்தாருன்னு எழுதுங்க” என்றார்.

அந்த மார்கழி முதல் தினமும் ஆறு ஐம்பதுக்குப் போவேன். வாசற்படிக்கு வெளியே நிற்பேன். அவர் மாத்திரையைப் போட்டு வாயைத் திறந்து காட்டுவார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. தலையசைப்பேன். கதவு சாத்திக்கொள்ளும். மொத்தம் இரண்டு நிமிடம். தையில் பனி விழும் காலைகளில் அந்த இரண்டு நிமிடத்துக்கு மூன்று கிலோமீட்டர் போக, மூன்று கிலோமீட்டர் வர நடந்தேன். மற்ற ஊர்களுக்குப் போவதும் குறைந்தது. படிவத்தில் முதல் கட்டம் நாலுக்கு வந்தது.

அந்த நடையில் நான் ஜெபித்தேனா என்று கேட்டால், முதல் இரண்டு மாதம் இல்லை. யாரிடம் என்ன கேட்பது என்பதே நின்றுபோயிருந்தது. பிறகு ஒருநாள், போகும் வழியில், அவர் இன்றைக்கு விழுங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியபடி நடந்துகொண்டிருந்தேன். நான் செய்துவந்த ஜெபங்களில் மிகச் சிறியது அது. நாளைக்கு என்ற சொல் அதில் இல்லை. ஊழியத்தில் சேர்ந்தபோது யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். இது அவருடைய கணவரின் சாவுக்கு ஈடு என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஈடு இல்லாமலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

சித்திரையில் மிஷனின் களப் பொறுப்பாளர் பஸ் பிடித்து வந்தார். என் அறையில் உட்கார்ந்து டீயை ஆற விட்டுவிட்டுப் படிவங்களைப் புரட்டினார்.

“பிரதர், காலைல எங்க போறீங்க?”

“ஒரு வீட்டுக்கு.”

“ஒரு வீடா? கூட்டத்துக்கு வர்றாங்களா?”

“இல்ல.”

“வீட்டுல ஜெபம்?”

“இல்ல. செய்யக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

“அப்ப அங்க என்னதான் செய்றீங்க?”

“அவங்க மாத்திரை முழுங்குறதப் பாக்குறேன்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏழு வருஷம் பிரதர்” என்றார். “நான் மேலிடத்துல என்ன சொல்லட்டும்?” மலை ஊழியத்தை மூடுவதென்று முடிவாகியிருந்தது. வைகாசிக் கடைசியிலிருந்து என்னைச் சமவெளிக்கு மாற்றியிருந்தார்கள். மாத்திரை முடிய ஆனி ஆகும், ஒரு மாதம் கூடுதலாக வேண்டும் என்று கேட்டேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவரே ‘சொந்த வேலை’ என்று எழுதினார்.

வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா. அன்று காலை போனபோது வீடு பூட்டியிருந்தது. விடியுமுன்னே மலைக்குக் கிளம்பிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மாத்திரையைப் பையில் வைத்திருந்தேன். நடந்தேன். மேலே குகைக் கோயிலுக்கு வரிசை நீளமாக நின்றது. பாதி வரிசையில் தேங்காய்த் தட்டோடு அவர் நின்றார். ரைட்டர்தான் என்னை முதலில் பார்த்தார்.

“டேய், இங்க பாருங்கடா. அல்லேலூயாவே நம்ம சாமியக் கும்புட வந்துட்டாருடோய்!”

வரிசை முழுக்கச் சிரித்தது. “சார், முன்னால போங்க, உங்களுக்கு ஸ்பெசல் தரிசனம்” என்றார் ஒருவர். இன்னொருவர் என் நெற்றியில் பூசத் திருநீற்றைக் கிள்ளிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

“வெரதமுங்க. சாமி கும்புட்டுட்டுப் போட்டுக்கறன், குடுங்க” என்று கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. “இப்பவே போடுங்க. நான் பாக்கணும்.”

சிரிப்பு நின்றது. அவர் தட்டைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, என் பாட்டில் தண்ணீரில் மூன்று மாத்திரையையும் விழுங்கினார். வாயைத் திறந்து காட்டினார். அன்று நேராக என் முகத்தைப் பார்த்துக் காட்டினார். பின்னால் நின்ற கிழவர் ஒருவர், “வெரதம் போச்சே அம்மிணி” என்றார். “போனாப் போவுதுங்க” என்று தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை கடைசி மாத்திரை. சளி கொடுத்து, முடிவு வாங்க அடுத்த வாரம் சுகாதார நிலையத்துக்கு வந்தார். நானும் போயிருந்தேன். கிருமி இல்லை. எடை நாற்பத்து நாலு கிலோ. நர்ஸ் அட்டையில் எழுதி மூடினார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம்.

“முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுதுங்க.”

“எழுதுவீங்களா?”

“இல்லீங்க.”

அவர் தலையசைத்தார். எஸ்டேட் பக்கம் போகும் பஸ் வந்தது. அதில் ஏறவில்லை. அடிவாரம் வழியாகச் சேலம் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். அது வந்ததும் முன்படியில் ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். பை ஒன்றை மடியில் வைத்திருந்தார். அதில் ஒரு சின்னப் பாவாடையின் ஓரம் வெளியே தெரிந்தது. பஸ் கிளம்பும்வரை அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

மலையிலிருந்து நான் அனுப்பிய கடைசிப் படிவம் அந்த மாதத்துடையது. சந்தித்த குடும்பங்கள் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். புதிதாக வந்தவர்கள் என்ற கட்டத்தில் பூஜ்யம்.